பாட்டி விளக்கு இறுகிவிட்டதா? மெருகு கெடாமல் கழற்றலாம்!

தீபாவளிக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே வானொலி நிலையத்துத் தொலைபேசிக்கு ஓய்வு இருக்காது. முறுக்கு ஏன் எண்ணெய் குடிக்கிறது, அதிரசம் ஏன் பிரிந்துபோகிறது என்ற கேள்விகளுக்கு அடுத்தபடியாக நேயர்கள் கேட்பது பித்தளைச் சாமான்களைப் பற்றித்தான். அதிலும் ஒரு கேள்வி தவறாமல் வரும். “குத்துவிளக்கைக் கழற்றவே முடியவில்லை. என்ன செய்தாலும் அசைய மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?”

கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் அந்த விளக்கு பெரும்பாலும் பாட்டியுடையதாக இருக்கும். தாத்தா பாட்டி காலமாகி, தோட்டத்து வீட்டையோ பழைய தரை வீட்டையோ காலி செய்து, சாமான்களைப் பிள்ளைகள் பிரித்துக்கொள்ளும் நேரம் அது. மூன்றடி உயர விளக்கைச் சிங்கப்பூரில் இருக்கும் பேத்தியின் அடுக்குமாடி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். கழற்றினால்தான் பெட்டிக்குள் அடங்கும். கழற்றிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். வீட்டில் இருக்கும் பலசாலி ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, கார் பூட்டிலிருந்து பைப் ரெஞ்சை எடுத்து வருவார்.

அந்த நிமிடத்தில் அவர் கையைப் பிடித்து நிறுத்துவதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கிள்ளானில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் இப்படித்தான் நடந்தது. விளக்கு கழன்றது. ஆனால் தண்டைச் சுற்றி ரெஞ்சின் பல் பதிந்த தடம் நான்கு வரிசையாக நின்றுவிட்டது. தடத்தை மறைக்கப் பாலிஷ் கடையில் கொடுத்தார்கள். கடைக்காரர் சுழலும் சக்கரத்தில் வைத்துத் தேய்த்துப் புதிது போல் மின்ன வைத்துக் கொடுத்தார். தடம் போயிற்று. கூடவே, விளக்கின் பாதத்தில் உளியால் வெட்டியிருந்த பாட்டியின் பெயரிலும் பாதி போயிற்று. அந்தப் பெயரை இனி எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

விளக்கு எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது?

கும்பகோணம் பக்கத்து நாச்சியார்கோயில் குத்துவிளக்குக்குப் பேர்போன ஊர். அங்கு செய்யும் விளக்குக்குப் புவிசார் குறியீடும் உண்டு. காவிரிப் படுகையின் வண்டல் மண்ணில் அச்சு எடுத்து, பித்தளையை உருக்கி ஊற்றி, ஆறியதும் கடைசலில் பிடித்து மெருகேற்றுகிறார்கள். ஒரே வார்ப்பாக முழு விளக்கையும் செய்வதில்லை. பாதம், தண்டு, எண்ணெய் நிற்கும் தட்டு, உச்சியில் அன்னமோ கும்பமோ வரும் முடி என்று தனித்தனியாகச் செய்து, ஒன்றில் ஒன்று திருகும்படி மரை போடுகிறார்கள். ஒரு பாகத்தில் ஆண் மரை, மற்றதில் பெண் மரை.

அந்தக் காலத்தில் கப்பலேறி வந்தவர்களுக்கு இந்த அமைப்பு பெரிய வசதி. 1926-இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. விளக்கைக் கழற்றிச் சேலைக்குள் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாம். இங்கே வந்து மீண்டும் பூட்டி ஏற்றலாம். கழற்றி மாட்டத்தான் மரை. அதுவே இப்போது கழல மறுக்கிறது.

ஏன் இறுகுகிறது?

முதல் காரணம் நல்லெண்ணெய். காற்றும் சூடும் பட்டால் மெல்ல மெல்லக் காய்ந்து பிசின் போலாகும் குணம் அதற்கு உண்டு. அடுப்படிச் சன்னலில் படியும் எண்ணெய்ப் பிசுக்கை எண்ணிப் பாருங்கள். விளக்கின் தட்டிலிருந்து வழியும் எண்ணெய் மரைக்குள் இறங்குகிறது. ஆண்டுக்கணக்கில் அங்கேயே நின்று காய்ந்தால் கிட்டத்தட்டப் பசைதான். பித்தளையில் இருக்கும் செம்பு அந்தக் காய்ச்சலை இன்னும் விரைவுபடுத்துகிறது.

இரண்டாவது, களிம்பு. எண்ணெயில் உள்ள அமிலம் செம்போடு சேர்ந்து பச்சை நிறத்தில் படிகிறது. மூட்டைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்தால் உள்ளேயும் அதே கதைதான். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துவிட்டுச் சரியாக அலசாமல் விட்டிருந்தால், மரைக்குள் தங்கிய உப்பு நம் ஊர் ஈரக் காற்றோடு சேர்ந்து அரிக்கத் தொடங்கும்.

மூன்றாவது, நாமேதான். ‘ஆடக் கூடாது’ என்று ஒவ்வொரு பண்டிகைக்கும் இன்னொரு முறுக்கு முறுக்கி வைக்கிறோம்.

துப்பாக்கிப் பட்டறையிலிருந்து ஒரு பாடம்

இறுகிய மரையைக் கீறல் விழாமல் கழற்றும் கலையை மிக நுட்பமாக வளர்த்தவர்கள் யார் தெரியுமா? பழைய ரைபிள்களைப் பழுதுபார்க்கும் துப்பாக்கிக் கொல்லர்கள். மலேசியாவில் 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருக்கிறது. சிங்கப்பூரிலும் சட்டம் கடுமை. உரிமம் இல்லாமல் அந்தப் பக்கமே போக முடியாது. ஆனால் அவர்கள் கையாளும் முறை நம் வீட்டு விளக்குக்கு அப்படியே பொருந்தும்.

லீ என்ஃபீல்ட் போன்ற பழைய ரைபிள்களில் குண்டு பாயும் குழல், பின்னால் உள்ள இரும்பு உடலுக்குள் மரையால் திருகப்பட்டிருக்கும். தொழிற்சாலையிலேயே இறுக்கமாகப் பூட்டியது. அதன் மேல் பல ஆண்டு எண்ணெயும் துருவும். குழலின் மேல் உள்ள கருநீல மெருகோ மைக்ரான் கணக்கில் அளக்க வேண்டிய மெல்லிய படலம். அது பெயின்ட் அல்ல. இரும்பின் மேற்பரப்பையே கட்டுப்படுத்தி ஆக்ஸைடாக மாற்றிய அடுக்கு. பிடி ஒரு முறை வழுக்கிச் சுழன்றால் போதும், அந்த இடம் வெள்ளையாகிவிடும். பழைய துப்பாக்கியின் மதிப்பில் பெரும்பங்கு அந்த மெருகில்தான் இருக்கிறது.

அவர்கள் என்ன செய்கிறார்கள்? பல் உள்ள கருவி எதையும் குழலில் வைப்பதில்லை. கடினமான மரக்கட்டையில் குழலின் பருமனுக்குச் சரியாகத் துளையிட்டு, கட்டையை இரண்டாகப் பிளந்து, அதற்குள் குழலை வைத்து வைஸில் இறுக்குகிறார்கள். வழுக்காமல் இருக்க ரோசின் பொடியைத் தூவுகிறார்கள். ஆமாம், வயலின் வித்வான்கள் வில்லில் தேய்க்கும் அதே ரோசின். பிடிக்கும் இடத்தில் துளி எண்ணெய்கூட இல்லாமல் துடைக்கிறார்கள். மரை இருக்கும் இடத்தில் மட்டும் எண்ணெய் விட்டு ஊற வைக்கிறார்கள். பிறகு நீண்ட கைப்பிடி உள்ள கருவியை உடல் பகுதியில் மாட்டி, இழுத்துக்கொண்டே நிற்காமல், கைப்பிடியில் ஒரே ஒரு சுருக்கென்ற தட்டு.

இதில் மூன்று விதிகள் இருக்கின்றன. பிடிக்கும் பொருள் பிடிபடும் பொருளைவிட மென்மையாக இருக்க வேண்டும். பிடி அகலமாகப் பரவ வேண்டும். வழுக்கல் மரையில் இருக்கலாம், பிடியில் இருக்கக் கூடாது. மெருகைக் கெடுப்பது முறுக்கு அல்ல, வழுக்கல்தான்.

சரி, விளக்குக்கு வருவோம்.

முதலில் பாருங்கள், பிறகு தொடுங்கள்

நல்ல வெளிச்சத்தில் மூட்டைச் சுற்றிப் பாருங்கள். குறுக்கே சிறிய ஆணி அடித்திருக்கிறதா? ஈயம் வைத்துப் பற்றவைத்த சாம்பல் நிறக் கோடு தெரிகிறதா? தெரிந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். அது மரை மூட்டாக இருந்தாலும் யாரோ பின்னாளில் நிரந்தரமாகப் பூட்டியிருக்கிறார்கள், முறுக்கினால் உடையும்.

விளக்கைப் படுக்க வைத்து அடிப்பக்கத்தையும் பாருங்கள். சில விளக்குகளில் தண்டின் நடுவே இரும்புக் கம்பி ஓடி, அடியில் நட்டு போட்டு இறுக்கியிருக்கும். அப்படியானால் மேலே முறுக்கிப் பயனில்லை. அந்த நட்டைத்தான் கழற்ற வேண்டும்.

அடுத்து மெருகு எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய விளக்கின் பழுப்பு நிறம் காலம் தந்தது. புதிய விளக்குகளில் பளபளப்பு போகாமல் இருக்க வார்னிஷ் போன்ற ஒளிபுகும் பூச்சு பூசியிருப்பார்கள். பூச்சு உள்ளதில் தின்னரும் ஸ்பிரிட்டும் படவே கூடாது. கொதிநீரும் கூடாது, பூச்சு உரிந்து திட்டுத் திட்டாகிவிடும்.

கடைசியாக, மூட்டின் மேலும் கீழும் சேர்த்து ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, பென்சிலால் நேர்கோடு போட்டு, மூட்டின் இடத்தில் டேப்பைப் பிளேடு படாமல் கிழித்துவிடுங்கள். இரண்டு காரணங்கள். கோடு விலகினால் மரை அசைந்துவிட்டது என்று உடனே தெரியும். திரும்பப் பூட்டும்போது அன்னம் எந்தப் பக்கம் பார்த்தது என்பதும் மறக்காது.

ஊற வையுங்கள்

வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி கலந்து, மூட்டுப் பகுதி மூழ்கும்படி அரை மணி நேரம் வையுங்கள். பிறகு பழைய, மென்மையான பல் தூரிகையால் மூட்டின் விளிம்பைச் சுற்றித் தேய்த்து, வெளியே இருக்கும் பிசுக்கை எடுத்துவிடுங்கள். பிசுக்கு இருக்கும்வரை எண்ணெய் உள்ளே இறங்காது.

இரவு முழுக்கப் புளியிலோ வினிகரிலோ ஊற வைக்கும் வழக்கம் வேண்டாம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அமிலத்தில் நெடுநேரம் கிடந்தால் துத்தநாகம் கரைந்து வெளியேறி, மேற்பரப்பு செம்பின் இளஞ்சிவப்பாக மாறும். அந்த நிறம் போகத் தேய்த்தே ஆக வேண்டும். தேய்த்தால் மெருகும் போகும்.

அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் இன்னும் மோசம். இதற்கும் ஒரு துப்பாக்கிக் கதை உண்டு. வெள்ளையர் ஆட்சியில் இந்தியாவிலிருந்த பட்டாளத்தின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை லாயங்களில் கிளம்பும் அம்மோனியா, ஈரக் காற்றோடு சேர்ந்து, வார்த்து இழுத்த பித்தளைக்குள் ஏற்கெனவே இருந்த இறுக்கத்தின் வழியே அதைப் பிளந்தது என்பது 1921-இல் விளக்கப்பட்டது. மழைக்காலத்தில் நடந்ததால் ஆங்கிலத்தில் அதற்குப் ‘பருவ வெடிப்பு’ என்றே பெயர் வைத்தார்கள். இறுகிய மரையும் இறுக்கத்தில் இருக்கும் பித்தளைதான்.

நீர் நன்றாக உலர்ந்ததும் மூட்டைச் சுற்றி ஊடுருவும் எண்ணெய் சில துளிகள் விடுங்கள். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் டபிள்யூ.டி.-40 போதும். 1953-இல் அமெரிக்காவில் ஈரத்தை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்டது அது. நாற்பதாவது முயற்சியில் கைகூடியதால்தான் பெயரில் 40. நேராக விளக்கில் அடிக்காமல், பஞ்சுக் குச்சியில் தொட்டு மூட்டில் மட்டும் வையுங்கள். ஓர் இரவு விடுங்கள். காலையில் இன்னொரு முறை. அவசரக்காரருக்கு இதுதான் கடினமான கட்டம். ஆனால் வேலையில் பாதி இங்கேதான் முடிகிறது.

ஒன்றை மறக்காதீர்கள். இந்த எண்ணெய் தீப்பற்றும். கழற்றி முடித்து, சோப்பு நீரில் கழுவி, உலர்த்திய பிறகே விளக்கில் திரி போட வேண்டும்.

சூடு: கொஞ்சம், சரியான இடத்தில்

சூடு இரண்டு வேலை செய்கிறது. காய்ந்த எண்ணெயை இளக்குகிறது, பித்தளையை விரிக்கிறது. 30 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மூட்டு 50 டிகிரி சூடேறினால் 0.03 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் விரியும். தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை. ஆனால் பிசினின் பிடியைத் தளர்த்த அதுவே போதும்.

இரண்டு பாகமும் சேர்ந்து சூடேறினால் இரண்டும் சேர்ந்து விரியும், இடைவெளி கிடைக்காது. ஆகவே வெளியே இருக்கும் பெண் மரைப் பாகத்தை மட்டும் சூடாக்க வேண்டும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அதைச் சுற்றி ஒரு நிமிடம் வையுங்கள். அல்லது முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டுங்கள். உள்ளே போகும் தண்டின் மேல் ஐஸ் கட்டி சுற்றிய துணி. சூடு ஊடுருவிப் பரவும் முன்பே முறுக்க வேண்டும்.

கேஸ் அடுப்பு, புளோ டார்ச் இரண்டும் வேண்டாம். நெருப்பு பட்ட இடம் நிறம் மாறும், பூச்சு கருகும். எங்காவது ஈயப்பற்று இருந்தால் 183 டிகிரியிலேயே அது உருகத் தொடங்கிவிடும். ஊடுருவும் எண்ணெய் விட்ட பொருளை நெருப்பில் காட்டுவது ஆபத்து என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிடி

இனிதான் முக்கியமான கட்டம். பிடிக்கும் இரண்டு இடங்களையும் சோப்பு நீரால் துடைத்து, காய விடுங்கள். மூட்டுக்கு மேலே ஒரு பிடி, கீழே ஒரு பிடி. இரண்டும் மூட்டை ஒட்டியே இருக்கட்டும். உச்சியில் இருக்கும் அன்னத்தையும் அடியில் இருக்கும் பாதத்தையும் பிடித்து முறுக்குவதுதான் எல்லோரும் செய்வது. அப்படிச் செய்தால் முறுக்கு முழுவதும் இடையில் இருக்கும் ஒடுங்கிய கழுத்தின் வழியே போகிறது. மரைக்கு முன்னால் கழுத்து கழன்றுவிடும்.

சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்தில் நீளமாக வெட்டி, பிடிக்கும் இடத்தில் இழுத்து இழுத்து நாலைந்து சுற்று சுற்றுங்கள். பல வீடுகளில் இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. கையுறை போடுவதானால் ரப்பர் கையுறை. இன்னும் வலு வேண்டுமானால் கார் எண்ணெய் ஃபில்டர் கழற்றும் பட்டை ஸ்பேனர் வாங்கலாம். ரப்பர் பட்டை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், சங்கிலி உள்ளது வேண்டாம். தச்சு வேலை தெரிந்தவர் வீட்டில் இருந்தால், துப்பாக்கிக் கொல்லரைப் போல் மரக்கட்டையில் துளையிட்டுப் பிளந்து பிடி செய்து தரலாம். பூச்சு இல்லாத பழைய விளக்கானால் ரோசின் பொடியும் தூவலாம். பின்னர் ஸ்பிரிட்டில் துடைத்தால் போய்விடும்.

துணி சுற்றிவிட்டு அதன் மேல் பிளையர் போடலாமே என்று கேட்பார்கள். கூடாது. எஃகுப் பல் துணியைத் துளைத்துக்கொண்டு பித்தளையில் இறங்கும். துணியும் வழுக்கும்.

திசையில் குழப்பம் வேண்டாம். மேல் பாகத்தை மேலிருந்து பார்த்தபடி, பாட்டில் மூடி திறப்பது போல் இடஞ்சுழியாக முறுக்க வேண்டும். பெரும்பாலான விளக்குகளுக்கு இதுதான் திசை.

முதலில் ஒரு நூல் அளவு வலப்பக்கம் இறுக்குவது போல் முறுக்கிப் பாருங்கள். காய்ந்த பிசின் முறிய இது உதவும். பிறகு இடப்பக்கம். அசையவில்லை என்றால் மூட்டைச் சுற்றிச் சப்பாத்திக் கட்டையால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம். கதவைத் தட்டும் வேகம் போதும். மீண்டும் சூடு, மீண்டும் முறுக்கு. பென்சில் கோடு ஒரு மயிரிழை விலகியதும் நிறுத்தி, அந்த இடைவெளியில் இன்னும் ஒரு துளி எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டிக் கழற்றுங்கள். ஒரே மூச்சில் சுழற்றினால் உள்ளே இருக்கும் களிம்புத் துகள்கள் மரையை அரைத்துவிடும். மரை கழன்ற மனிதரைத் திருத்தினாலும் திருத்தலாம். மரை தேய்ந்த விளக்கைத் திருத்துவது கஷ்டம்.

எப்போது விட்டுவிட வேண்டும்?

ஊறல், சூடு, முறுக்கு என்று மூன்று நாள் மூன்று சுற்று செய்தும் அசையவில்லையா? தண்டு லேசாக நெளிவது போல் தெரிகிறதா? நிறுத்துங்கள். கடைசல் பட்டறையில் கொடுக்கலாம். கொடுக்கும்போது இரண்டு வார்த்தை தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: “கழற்றினால் போதும், பாலிஷ் வேண்டாம்.” பெயர் வெட்டிய இடத்தின் மேல் டேப் ஒட்டிக் கொடுங்கள். முன்னதாக நாலா பக்கமும் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றாமலேயே கொண்டுபோகவும் வழி உண்டு. நீளப் பெட்டி ஒன்று செய்து, போர்வை சுற்றிக் காரில் வைத்துக் கடற்பாலம் தாண்டலாம். உடைந்த விளக்கைவிட முழு விளக்கு சுமப்பது எளிது.

கழன்ற பிறகு

மரைகளைப் பல் தூரிகையாலும் மூங்கில் பல்குத்தியாலும் சுத்தம் செய்யுங்கள். கம்பித் தூரிகை வேண்டாம். கழுவி, ஈரம் போக ஒரு நாள் உலர விடுங்கள். திரும்பப் பூட்டும் முன் ஆண் மரையில் தேன்மெழுகையோ சாதாரண மெழுகுவர்த்தியையோ லேசாகத் தேய்த்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இறங்காமல் அது தடுக்கும். அடுத்த முறை கழற்றவும் இலகுவாக இருக்கும். விரல் பலத்துக்கு மேல் இறுக்க வேண்டாம். விளக்கு ஆடுகிறது என்றால் மூட்டில் ஒரு சுற்றுப் பருத்தி நூல் சுற்றிப் பூட்டுங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை, தீபாவளிக்கோ பொங்கலுக்கோ சாமான் தேய்க்கும் நாளில், எல்லா மூட்டையும் ஒரு முறை கழற்றி மாட்டுங்கள். பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். எது பாதம், எது தண்டு, அன்னம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், அடியில் வெட்டியிருக்கும் எழுத்துகள் யாருடைய பெயர் என்பதை அவர்கள் கையால் தொட்டுப் பார்க்கட்டும். அடுத்த வீட்டுக்கு இந்த விளக்கைக் கொண்டுபோகப் போகிறவர்கள் அவர்கள்தான்.